எரிமலை வெடித்தால் வெயில் கூடுமா, குறையுமா? டோங்கா வெடிப்பை முன்வைத்து ஒரு விவாதம்

1. வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நான் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராகப் பணிபுரிகிறேன். எங்கள் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றி வருகிறது. 2022 ஜனவரியில் பசிபிக் தீவு நாடான டோங்காவுக்கு அருகே கடலடியில் வெடித்த எரிமலைதான் 2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் உலகம் கண்ட கடும் வெப்பத்துக்குக் காரணம் என்றும், நிலக்கரிக்கும் பெட்ரோலுக்கும் அதில் பங்கே இல்லை என்றும் அது கூறுகிறது. அதே வாரத்தில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் வந்து, "எரிமலை வெடித்தால் பூமி குளிரும் என்று படித்தேன், சூடாகும் என்று அப்பா சொல்கிறார். எது சரி?" என்று கேட்டாள். இரண்டும் நடக்கலாம் என்று பொதுவாக ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தப் பிள்ளைக்கு அது போதவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

வெடிப்பின் எந்தப் பகுதி வெப்பநிலையை மாற்றுகிறது, அந்த மாற்றம் எவ்வளவு காலம் நிற்கிறது, கோடையில் நம்மை வாட்டும் வெப்ப அலைகளுக்கும் அதற்கும் உண்மையில் தொடர்பு உண்டா என்பதை அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால், அதை அப்படியே வகுப்பறைக்குக் கொண்டு செல்வேன்.

2. மழைமானி

ஆசிரியர் ஐயா, நல்ல கேள்வி. முதலில் எரிமலைக் குழம்பையும் சாம்பலையும் ஒதுக்கி வைத்துவிடலாம். குழம்பின் சூடு அதன் அருகில் இருப்பவரைச் சுடுமே தவிர உலகத்தின் காற்றைச் சூடாக்காது. பூமியின் உள்ளிருந்து மேற்பரப்புக்கு வரும் வெப்பம் மொத்தத்தையும் சராசரியாகப் பிரித்தால் ஒரு சதுர மீட்டருக்கு 0.1 வாட் கூடத் தேறாது. சூரியனிடமிருந்து பூமி உறிஞ்சிக்கொள்வதோ ஏறத்தாழ 240 வாட். சாம்பலில் பெரும்பகுதி சில நாட்களிலோ வாரங்களிலோ கீழே படிந்துவிடுகிறது.

மிஞ்சுவது கந்தகம்தான். வெடிப்போடு வெளிவரும் கந்தக டை ஆக்சைடு வாயு, மழை மேகங்கள் உருவாகும் கீழ்க்காற்றிலேயே நின்றுவிட்டால் ஒரு வாரம் பத்து நாட்களில் மழையோடு கழுவப்பட்டுவிடும். ஆனால் வெப்பமண்டலத்தில் சுமார் 17 கிலோமீட்டர் உயரத்துக்கு மேல் தொடங்கும் அடுக்கு மண்டலத்துக்குள் அது புகுந்துவிட்டால், அங்கே அதைக் கழுவ மழை கிடையாது. சில வாரங்களில் அந்த வாயு நீருடன் சேர்ந்து கந்தக அமிலத்தின் மிக நுண்ணிய துளிகளாக மாறி, உயர்காற்றோட்டத்தில் ஏறி உலகம் முழுவதும் பரவி, ஓரிரண்டு ஆண்டுகள் அங்கேயே மிதக்கிறது. இத்துளிகள் சூரிய ஒளியின் ஒரு பகுதியை விண்வெளிக்கே திருப்பி அனுப்புகின்றன. சித்திரை வெயிலுக்கு முற்றத்தில் போடும் தென்னங்கீற்றுப் பந்தல் செய்கிற வேலையைத்தான் அவையும் செய்கின்றன. வேறுபாடு என்னவென்றால், இந்தப் பந்தல் மிக மெல்லியது, யாரும் பிரிக்காமலே தானாக உதிர்ந்துவிடுவது.

இதற்கு மிகத் துல்லியமாக அளக்கப்பட்ட சான்று, 1991 ஜூன் 15 அன்று பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில் நடந்த பினாட்டுபோ வெடிப்பு. அது 15 முதல் 20 மில்லியன் டன் வரையிலான கந்தக டை ஆக்சைடை மேலே அனுப்பியது. நாசாவின் ஜேம்ஸ் ஹேன்சன் குழு, 1992இன் இறுதிக்குள் உலகச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ அரை டிகிரி செல்சியஸ் குறையும் என்று 1992 ஜனவரியிலேயே கணினி மாதிரியைக் கொண்டு கணித்து வெளியிட்டது. அதுவே நடந்தது. பிறகு துளிகள் உதிர்ந்தன. 1995ஆம் ஆண்டு அதுவரை பதிவான ஆண்டுகளிலேயே மிக வெப்பமானது என்ற இடத்தைப் பிடித்தது. நடந்து முடிந்த ஒன்றுக்குப் பின்னால் விளக்கம் சொல்வது எளிது. நடப்பதற்கு முன்பே எண்ணைச் சொல்லி, அந்த எண் மெய்ப்படுவது அப்படியன்று. அதனால்தான் இந்தத் துறையில் என் நம்பிக்கை பினாட்டுபோவின் மேல் நிற்கிறது.

3. கரிசல்மண்

மழைமானி அவர்கள் எழுதியது பினாட்டுபோவுக்குப் பொருந்தும், மறுக்கவில்லை. ஆனால் கேள்வி டோங்காவைப் பற்றியது. நான் படித்தவரை அந்த வெடிப்பு மேலே அனுப்பியது பெரும்பாலும் நீராவி. நீராவியும் ஒரு பசுமை இல்ல வாயுதானே? கார்பன் டை ஆக்சைடைவிட அதிக வெப்பத்தைப் பிடித்து வைப்பது அதுதான் என்று எல்லாப் பாடநூல்களும் சொல்கின்றன. அப்படியிருக்க, வெடித்த அடுத்த ஆண்டே உலகம் சூடானதைத் தற்செயல் என்று தள்ளிவிடுவது நியாயமாகத் தெரியவில்லை. நான் எந்த நிறுவனத்துக்கும் வக்காலத்து வாங்கவில்லை. நிலக்கரியைக் குறை சொல்வதே வழக்கமாகிவிட்டதால் மற்றக் காரணங்களை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லையோ என்ற ஐயத்தில்தான் கேட்கிறேன்.

4. மழைமானி

கரிசல்மண் அவர்களே, உங்கள் ஐயத்துக்கு அடிப்படை உண்டு. அறிவியலாளர்களும் 2022இல் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

ஹுங்கா டோங்கா எரிமலையின் வாய் கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 150 மீட்டர் ஆழத்தில் இருந்தது. அதைவிட மிக ஆழமாக இருந்திருந்தால் நீரின் அழுத்தம் வெடிப்பை அடக்கியிருக்கும். கடலுக்கு மேலே இருந்திருந்தால் இவ்வளவு நீர் கிடைத்திருக்காது. இரண்டுக்கும் நடுவில் அமைந்ததால், 2022 ஜனவரி 15 அன்று எழுந்த புகைத்தூண் 57 கிலோமீட்டர் உயரம் வரை சென்றது. சுமார் 150 மில்லியன் டன் நீராவி அடுக்கு மண்டலத்தில் சேர்ந்தது. அங்கே ஏற்கெனவே இருந்த நீராவியில் இது ஏறத்தாழ பத்து சதவீதம். செயற்கைக்கோள்கள் அளக்கத் தொடங்கிய பிறகு இதற்கு ஈடாக வேறொன்று இல்லை. கந்தக டை ஆக்சைடு சுமார் அரை மில்லியன் டன் மட்டுமே, அதாவது பினாட்டுபோ அனுப்பியதில் நாற்பதில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடவோ குறையவோ.

ஆகவே நீராவி சூடாக்கும், கந்தகம் குளிர்விக்கும். இரண்டில் எது விஞ்சியது? தொடக்கத்தில் வந்த ஓர் ஆய்வு, நீராவியால் சில ஆண்டுகளுக்கு ஒரு டிகிரியில் நூறில் மூன்று நான்கு பங்கு அளவுக்கு வெப்பம் கூடலாம் என்று மதிப்பிட்டது. கந்தகத் துளிகளையும் ஓசோன் மாற்றத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட பின்வந்த ஆய்வுகள், விளைவு பூச்சியத்தை ஒட்டியது என்றும், தென் அரைக்கோளத்தில் மெல்லிய குளிர்ச்சி என்றும் கண்டன. எந்தக் கணக்கை எடுத்துக்கொண்டாலும் அது ஒரு டிகிரியில் நூறில் சில பங்குகளைத் தாண்டவில்லை. 2024இல் உலகச் சராசரி, தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட 1.55 டிகிரி அதிகம் என்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது. அந்த 1.55ஐ இந்த நூறில் சில பங்குகளால் விளக்க முடியாது.

நீராவியே பெரிய பசுமை இல்ல வாயு என்பதும் உண்மை. ஆனால் அது கீழ்க்காற்றில் இருக்கும் நீராவி. காற்று எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு நீரைத் தாங்கும், மிஞ்சியது மழையாகிவிடும். எனவே கீழே நீராவி ஏற்கெனவே உள்ள சூட்டைப் பெருக்குகிறதே தவிர, சூட்டைத் தானாகத் தொடங்கி வைப்பதில்லை. கார்பன் டை ஆக்சைடு அப்படி மழையாக இறங்கிவிடுவதில்லை.

2023இல் திடீரென ஒரு தாவல் ஏற்பட்டதற்கு, நீண்டகால ஏற்றத்தின் மேல் அவ்வாண்டு ஜூனில் தொடங்கிய எல் நினோ, அதாவது பசிபிக் கடலின் மேல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் நிலை, ஏறி அமர்ந்தது முதற்காரணம். இன்னொன்றையும் இந்த இழையில் சொல்லத்தான் வேண்டும். 2020 முதல் கப்பல் எரிபொருளில் அனுமதிக்கப்படும் கந்தகத்தின் உச்ச அளவு 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. மக்களின் நுரையீரலுக்கு அது நல்ல முடிவு. ஆனால் கப்பல் புகையின் கந்தகமும் கடல்மேல் மேகங்களை வெண்மையாக்கி வெயிலைக் கொஞ்சம் தடுத்துக்கொண்டிருந்தது. அது விலகியபோது, மறைந்திருந்த சூட்டின் ஒரு சிறு பகுதி வெளிப்பட்டது. இதன் அளவைப் பற்றி இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது.

5. யாழ்வாணி

பயனுள்ள இழை. குளிர்ச்சியைப் பற்றியே எல்லோரும் எழுதுவதால், எரிமலையோடு சேர்ந்தே ஒரு கடும் வெப்ப அலை வந்த நிகழ்வை இங்கே வைக்க விரும்புகிறேன். ஆசிரியரின் கேள்விக்கு இதுதான் மிக நெருக்கமானது என்று நினைக்கிறேன்.

1783 ஜூன் 8 அன்று ஐஸ்லாந்தில் லாக்கி என்னும் இடத்தில் நிலம் நீளப் பிளந்து, எட்டு மாதங்கள் குழம்பைக் கக்கியது. ஒரே நொடியில் வானளாவ வெடிக்கும் வகையன்று அது. பிளவின் வழியே ஓயாமல் வழியும் வகை. மொத்தம் 120 மில்லியன் டன் அளவுக்குக் கந்தக டை ஆக்சைடு வெளிவந்தது என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். புல்லில் படிந்த ஃபுளோரினால் ஐஸ்லாந்தின் ஆடுமாடுகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. தொடர்ந்த பஞ்சத்தில் அந்நாட்டு மக்களில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் இறந்தார்கள். அந்தக் கந்தகப் புகை ஐரோப்பா முழுவதும் உலர்ந்த மூடுபனியாய்க் கவிந்தது. நண்பகல் சூரியனை வெறுங்கண்ணால் பார்க்க முடிந்தது என்று அக்காலத்தவர் எழுதி வைத்திருக்கிறார்கள்.

வெயிலே மங்கியிருந்த அந்தக் கோடையில், அதே ஜூலை மாதம், மேற்கு ஐரோப்பா வெந்தது. மத்திய இங்கிலாந்தின் வெப்பநிலைப் பதிவில் 1783 ஜூலையின் சராசரி 18.8 டிகிரி, அதை விஞ்சிய ஜூலை மாதம் வர 1983 வரை, சரியாக இருநூறு ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது. அதைத் தொடர்ந்து வந்த குளிர்காலமோ கொடுமையிலும் கொடுமை. அப்போது பாரிஸில் இருந்த அமெரிக்கத் தூதரும் அறிவியலாளருமான பெஞ்சமின் பிராங்க்ளின், அந்த மூடுபனி வெயிலைத் தடுத்ததால்தான் குளிர் இப்படிக் கடுமையானதோ என்றும், அம்மூடுபனி ஐஸ்லாந்து எரிமலையின் புகையாக இருக்கலாம் என்றும் எழுதினார்.

அந்த ஜூலையின் வெப்பத்துக்கும் லாக்கியின் புகைதான் காரணமா என்று நெடுங்காலம் விவாதம் நடந்தது. அண்மைக் காலத்தில் கணினி மாதிரிகளைக் கொண்டு சோதித்தவர்கள், இல்லை என்றே முடிவு செய்தார்கள். வடக்கு ஐரோப்பாவின் மேல் ஓர் உயரழுத்த மண்டலம் நகராமல் நின்றுகொண்டு தெற்கிலிருந்து சூடான காற்றை இழுத்தது. அது வானிலையின் இயல்பான ஆட்டம். லாக்கி வெடிக்காமல் இருந்திருந்தால் அந்த ஜூலை இன்னும் சூடாக இருந்திருக்கும் என்பது அவர்கள் கண்ட முடிவு. இரண்டு நிகழ்வுகள் ஒரே மாதத்தில் நடந்ததாலேயே ஒன்று மற்றொன்றைப் பெற்றதாக ஆகிவிடாது என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த எடுத்துக்காட்டு இது. டோங்காவையும் 2023ஐயும் இணைத்துப் பேசும்போது 1783ஐ நினைத்துக்கொள்வது நல்லது.

6. வைகைக்கரை

யாழ்வாணி அம்மா, மிக்க நன்றி. இந்த லாக்கி நிகழ்வு எனக்கு முற்றிலும் புதியது. அப்படியானால், ஓர் ஊரில் ஒரு வாரம் வெப்ப அலை வீசுவதற்கு உடனடிக் காரணம் காற்றழுத்தமும் காற்றின் திசையும். உலகச் சராசரி என்பது அந்த அலை எழும்புகிற தரைமட்டம். எரிமலை தொடுவது தரைமட்டத்தை மட்டும். இப்படிப் புரிந்துகொள்வது சரியா?

7. மழைமானி

சரியே. அந்தத் தரைமட்டம் அரை டிகிரி நகர்வதை அற்பம் என்று எண்ணிவிடக் கூடாது. சமவெளியில் அதிகபட்ச வெப்பநிலை குறைந்தது 40 டிகிரியைத் தொட்டு, அந்நாளின் இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடினால் நம் வானிலை ஆய்வுத் துறை அதை வெப்ப அலை என்கிறது. கடலோரத்துக்கு அந்த வரம்பு 37 டிகிரி. வரம்பை ஒட்டிய நாட்கள் ஒரு கோடையில் ஏராளம். சராசரி சற்றே உயர்ந்தால், வரம்புக்குக் கீழே நின்றிருந்த நாட்கள் கூட்டமாக மேலே ஏறிவிடும். சற்றே தாழ்ந்தால் கூட்டமாக இறங்கிவிடும். சராசரியில் சிறிதாகத் தெரியும் மாற்றம் உச்ச நாட்களின் எண்ணிக்கையில் பல மடங்காகத் தெரிவது இதனால்தான்.

பினாட்டுபோவின் குளிர்ச்சியும் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இறங்கவில்லை. 1992இன் குளிர்காலம் மேற்கு ஆசியாவில் வழக்கத்துக்கு மாறாகக் கடுமையாக இருந்தது. செங்கடலின் வடமுனையில் அகபா வளைகுடாவின் மேல்நீர் குளிர்ந்து ஆழம் வரை கலந்து, அடியிலிருந்த சத்துகள் மேலே வந்து, பாசி செழித்து, பவளப் பாறைகளை மூடி மூச்சுத் திணறடித்தது. பிலிப்பைன்ஸில் வெடித்த மலையால் செங்கடலின் பவளம் செத்ததை முதன்முதலில் படித்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

8. கரிசல்மண்

நீராவி பற்றிய விளக்கத்தை ஏற்கிறேன். இன்னும் ஒன்று. எரிமலைகள் கார்பன் டை ஆக்சைடையும் கக்குகின்றன. ஒரே ஒரு வெடிப்பு மனித குலம் இதுவரை வெளியிட்டதைவிட அதிகமாக வெளியிடும் என்று பலரும் உறுதியாகச் சொல்கிறார்கள். மேலும், உலகக் கார்பன் அளவை எடுக்கும், ஹவாய்த் தீவில் உள்ள மௌனா லோவா நிலையமே ஓர் எரிமலையின் மேல்தான் இருக்கிறது. அந்த அளவீட்டை எப்படி நம்புவது?

9. நெய்தல்நிலன்

உலகில் உள்ள எல்லா எரிமலைகளும், கடலடியில் உள்ளவை உட்பட, ஓர் ஆண்டில் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடு அரை பில்லியன் டன்னுக்கும் குறைவு. புதைபடிவ எரிபொருள்களால் மனிதர் வெளியிடுவது ஆண்டுக்கு 37 பில்லியன் டன்னை ஒட்டியது. பினாட்டுபோ வெளியிட்டது சுமார் 0.05 பில்லியன் டன். இன்றைய மனிதச் செயல்பாடு அதை அரை நாளில் தாண்டிவிடுகிறது.

மௌனா லோவா நிலையம் மலையின் சரிவில், சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எரிமலை வாயு வரும் திசையிலிருந்து காற்று வீசும் நேரங்களின் அளவுகள் தனித்துத் தெரிவதால் அவை கணக்கில் சேர்க்கப்படுவதில்லை. தென் துருவத்தில் எடுக்கப்படும் அளவுகளும் அதே ஏற்றத்தைக் காட்டுகின்றன. அதே மௌனா லோவாவில், சூரிய ஒளி எவ்வளவு தடையின்றி இறங்குகிறது என்பதும் பல பத்தாண்டுகளாக அளக்கப்படுகிறது. 1963இல் பாலித் தீவின் ஆகுங், 1982இல் மெக்சிகோவின் எல் சிச்சோன், 1991இல் பினாட்டுபோ ஆகிய மூன்று வெடிப்புகளுக்குப் பிறகும் அந்த அளவுகளைக் காட்டும் கோடு திடீரென்று பள்ளத்தில் விழுந்து, ஓரிரு ஆண்டுகளில் மெல்ல ஏறிப் பழைய நிலைக்கு வந்திருக்கிறது. கார்பன் டை ஆக்சைடின் கோட்டிலோ அவ்வெடிப்புகளால் மேல்நோக்கிய துள்ளல் எதுவும் இல்லை. பினாட்டுபோவுக்குப் பின் அதன் வளர்ச்சி சில காலம் மந்தமாகக்கூட ஆனது. வகுப்பில் இந்த இரண்டு கோடுகளையும் கரும்பலகையில் ஒன்றின் கீழ் ஒன்றாக வரைந்து காட்டுங்கள் ஆசிரியரே. பாதி விவாதம் அங்கேயே தீர்ந்துவிடும்.

கரிசல்மண் அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கும் ஓர் இடமும் உண்டு. சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் சைபீரியாவில் எரிமலைக் குழம்பு பல லட்சம் ஆண்டுகள் வழிந்தபோது வெளிவந்த கார்பன் உலகைக் கடுமையாகச் சூடாக்கி, பெரும்பாலான கடல்வாழ் இனங்களை அழித்தது. எரிமலையால் உலகம் சூடாகத்தான் செய்யும். ஆனால் அதற்கு அந்த அளவு நீண்ட காலமும் அந்த அளவு குழம்பும் வேண்டும்.

10. யாழ்வாணி

ஒரு சிறு குறிப்பு. 1883 ஆகஸ்டில் இந்தோனேசியாவின் கிரக்கத்தோவா எரிமலை வெடித்த இரண்டு வாரங்களில், செப்டம்பர் மாதத்தில், சென்னையிலும் இலங்கையிலும் சூரியன் பச்சையாகத் தெரிந்தது. அப்போது சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த மிச்சி ஸ்மித் அந்தப் பச்சைச் சூரியனின் ஒளியை, நிறங்களாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானி கொண்டு ஆராய்ந்து எழுதினார். பின்னாளில் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தை நிறுவி நடத்தியவர் அவரே. மாணவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். அடுக்கு மண்டலத் துகள்கள் உலகெங்கும் பரவும் என்பது நம் வானத்திலேயே காணப்பட்ட செய்தி.

11. ஆடிப்பட்டம்

நான் விவசாயி. நீங்கள் எல்லோரும் வெப்பத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் மழையைப் பற்றிக் கேட்கிறேன். மேலே பந்தல் போட்டதுபோல் என்று மழைமானி எழுதியிருந்தார். பந்தல் போட்டால் கீழே இருக்கும் பயிருக்கு மழை கிடைக்குமா? செய்தித்தாளில் ஒரு கட்டுரை படித்தேன். விமானம் கொண்டு கந்தகத்தை மேலே தூவி, செயற்கையாக ஒரு பினாட்டுபோவை உண்டாக்கி, வெப்பத்தைக் குறைக்கலாம் என்று அதில் இருந்தது. அதை நினைத்துத்தான் கேட்கிறேன்.

12. மழைமானி

ஐயா, இந்த இழையில் கேட்க வேண்டிய கேள்வியை நீங்கள்தான் கேட்டிருக்கிறீர்கள்.

கிடைக்காது என்று சொல்ல முடியாது, ஆனால் குறையும். மழைக்கு ஆவியாதல் வேண்டும், ஆவியாதலுக்கு வெயில் வேண்டும். பருவமழைக்கு இன்னொன்றும் வேண்டும்: கோடையில் நிலம் கடலைவிட வேகமாகச் சூடாக வேண்டும். வெயிலைக் குறைத்தால் நிலம் விரைவில் குளிர்கிறது, கடல் மெதுவாகக் குளிர்கிறது, இடைவெளி சுருங்குகிறது, காற்றின் இழுப்பு தளர்கிறது. பினாட்டுபோவுக்கு அடுத்த ஓராண்டில் உலகின் நிலப்பரப்பில் பெய்த மழையும் ஆறுகள் கடலில் சேர்த்த நீரும் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தன. லாக்கிக்குப் பிறகு ஆப்பிரிக்கப் பருவமழை தளர்ந்து, நைல் நதியில் வெள்ளம் வராமல், எகிப்து பஞ்சத்தில் விழுந்தது. 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் சும்பாவாத் தீவில் தம்போரா வெடித்தது. மறு ஆண்டு ஜூனில் அமெரிக்காவின் வடகிழக்கில் பனி விழுந்து பயிர் கருகியதால், அதைக் கோடையில்லா ஆண்டு என்று இன்றும் சொல்கிறார்கள். அதே ஆண்டில் இந்தியப் பருவமழையும் நிலைகுலைந்தது.

செயற்கைக் கந்தகத் திட்டத்தை ஆராய்ச்சிக்கு உரியதாக 2006இல் முன்வைத்தவர், ஓசோன் ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்ற பால் குருட்சன். கந்தகத் துளிகள் ஓசோனைக் குறைக்கும் என்பதையும் அறிந்தவர் அவர். நாடுகள் வெளியீட்டைக் குறைக்காத கவலையில்தான் அதை எழுதினார். என் கருத்தைத் தயங்காமல் சொல்கிறேன்: எவருடைய வயலில் மழை குறையும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாத ஒரு வேலையை, அந்த வயல்காரரைக் கேட்காமல் எவரும் தொடங்கக் கூடாது. தொடங்கினால் நிறுத்தவும் முடியாது. கீழே கார்பன் சேர்ந்துகொண்டே இருக்க, மேலே போட்ட பந்தலை ஒருநாள் பிரித்தால், பல பத்தாண்டுகளாகத் தேங்கிய சூடு சில ஆண்டுகளுக்குள் வந்து இறங்கும்.

13. கரிசல்மண்

ஒரு கடைசிக் கேள்வி. நாளையே இயற்கையாக இன்னொரு பினாட்டுபோ வெடித்தால் நமக்கு வெப்ப அலைகளிலிருந்து எவ்வளவு விடுதலை கிடைக்கும்? என் எண்ணத்தை மாற்றிக்கொண்டேன் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

14. நெய்தல்நிலன்

உங்கள் நேர்மைக்கு நன்றி. கணக்கை எளிதாகப் போடலாம். ஓரிரு ஆண்டுகளின் ஏற்ற இறக்கத்தை நீக்கிப் பார்த்தால் உலகம் இன்று ஏறத்தாழ 1.3 முதல் 1.4 டிகிரி வரை சூடாகியிருக்கிறது. அதில் அரை டிகிரியைக் கழித்தால், 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் இருந்த நிலைக்கு, அதுவும் ஓரிரண்டு ஆண்டுகளுக்கு மட்டும், திரும்புவோம். அந்த 2010 மே மாதத்தில் அகமதாபாத்தில் வெப்பநிலை 46.8 டிகிரியைத் தொட்டது. அந்த ஒரு மாதத்தில் அந்த ஒரு நகரத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்ததாகப் பின்னர் கணக்கிட்டார்கள். அதன் பிறகுதான் 2013இல் அந்நகரம் இந்தியாவின் முதல் வெப்பச் செயல்திட்டத்தை வகுத்தது.

15. வைகைக்கரை

திங்கட்கிழமை அந்த இரண்டு கோடுகளையும் கரும்பலகையில் வரைகிறேன். அந்த மாணவியையே எழுந்து வரச் சொல்லி, பள்ளம் விழுந்திருக்கும் மூன்று இடங்களில் எரிமலைகளின் பெயர்களை எழுதச் சொல்லப் போகிறேன். அவள் அடுத்து என்ன கேட்கிறாள் என்பதை இங்கே வந்து பதிவிடுகிறேன்.